சுவரா, கூரையா, மண்ணா: ஒரு கிரவுண்டில் வீடு கட்டுபவர் முதலில் எதற்குச் செலவிடலாம்?

வீடு கட்டப்போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்தக் கல்லில் கட்டலாம்?" என்பதுதான். சேம்பர் செங்கல்லா, சாம்பல் கல்லா, ஏஏசி பிளாக்கா, இல்லை ஆரோவில் பக்கம் பேசிக்கொள்ளும் மண் கல்லா? நல்ல கேள்விதான், பதிலும் உண்டு. ஆனால் கோடையில் வெந்துபோகாமல், தண்ணீர் லாரியை எதிர்பார்க்காமல், சுற்றுச்சூழலுக்கும் கேடு குறைவாக ஒரு வீடு வேண்டும் என்றால், கல்லைப் பற்றிய கேள்வி மூன்றாவதாக வர வேண்டும். முதல் கேள்வி கூரை. இரண்டாவது, வீட்டைச் சுற்றி மிஞ்சும் மண். கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் பிரித்தால் அதே செலவில் பல மடங்கு நல்ல வீடு கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பொதுவாகப் பேசினால் எதுவும் முடிவாகாது. அதனால் ஒரு இடத்தை வைத்துக்கொள்வோம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, மதுராந்தகம், திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2400 சதுர அடி. அதில் ஏறத்தாழ 1000 சதுர அடியில் தரைத்தள வீடு, பிற்காலத்தில் மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்ற ஆசை. நான்கு பேர் குடும்பம். இந்த வீட்டுக்கு எது சரி என்று பார்ப்போம். மதுரை, சேலம் பக்கம் கட்டுபவர்களுக்குச் சில விடைகள் மாறும், அதையும் இடையில் சொல்கிறேன்.

நான்கு கற்கள்

சேம்பர் செங்கல்லிலிருந்து தொடங்கலாம். எந்தக் கொத்தனாருக்கும் கை பழகிய கல். உடைத்து ஜன்னல் வைக்கலாம், ஆணி அடிக்கலாம், ஐம்பது வருடம் கழித்தும் பழுது பார்க்கலாம். குறை அது வரும் வழியில்தான் இருக்கிறது. ஏரி வண்டல், வயலின் மேல்மண், செம்மண் மேடு என்று எதையாவது தோண்டித்தான் அது பிறக்கிறது. அப்புறம் சூளையில் நாள்கணக்கில் எரிய வேண்டும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில், யானைகள் நடமாடும் மலையடிவாரத்தில், கணக்கில்லாமல் செம்மண் எடுத்துவந்த சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. தோண்டப்பட்ட மண் அங்கே திரும்பி வரப்போவதில்லை.

ஆனாலும் செங்கல்லை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். அதே செங்கல்லைக் குறைவாகப் பயன்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது: எலிப்பொறிக் கட்டு. கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். சுவருக்குள் வரிசையாக வெற்றிடம் விழும். 9 அங்குலச் சுவர்தான் கிடைக்கும், ஆனால் கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம், கலவையும் குறைவு. உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் ஓரளவு தடுக்கும். இங்கிலாந்தில் பிறந்து 1945-ல் இந்தியாவுக்கு வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளம் முழுக்க இதைப் பரப்பினார். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பெயர்கொண்ட பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் பூசாத செங்கல் சுவர்களை இன்றும் பார்க்கலாம். நம் பக்கத்துச் சிக்கல் என்னவென்றால், சேம்பர் கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கோணல் கல்லில் எலிப்பொறி கட்டினால் மிச்சமான கலவையெல்லாம் இடுக்கை நிரப்பவே போய்விடும். இதற்கு வயர்கட் கல், அதாவது இயந்திரத்தில் கம்பியால் ஒரே அளவில் அறுத்த செங்கல்தான் வேண்டும். மின்குழாய் எங்கே போகும் என்பதையும் சுவர் எழும்பும் முன்பே வரைந்து கொடுத்துவிட வேண்டும். பிறகு சுவரைக் கொத்தினால் உள்ளே வெற்றிடம்தான் உடைபடும்.

சாம்பல் கல் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எண்ணூர், வல்லூர் அனல்மின் நிலையச் சாம்பல் எங்காவது போயாக வேண்டும். கல்லாக மாறினால் நல்லதுதான். சூளை கிடையாது, வடிவம் ஒழுங்காக இருக்கும், பூச்சுக் கனமும் குறையும். ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை செங்கல்லைவிடப் பெரிய மேன்மை ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியமானது, சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்வதால் தரம் லோடுக்கு லோடு மாறும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து எடை போட்டுப் பாருங்கள். தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் குடிக்கும் கல் வேண்டாம். சரியாக நீர் காட்டாமல் அவசரமாக அனுப்பிய கல் சுவரேறிய பிறகு சுருங்கும், பூச்சில் முடி போல வெடிப்பு ஓடும்.

ஏஏசி பிளாக் இன்று சென்னைப் புறநகர் முழுக்க எழும்பும் அடுக்ககங்களின் கல். சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் அல்லது மணல், கொஞ்சம் அலுமினியப் பொடி சேர்த்துப் பொங்கவைத்து, அழுத்த நீராவியில் வேகவைப்பார்கள். உள்ளெல்லாம் காற்றுக்குமிழி. கன மீட்டருக்கு 600 கிலோ அளவில்தான் எடை, செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு. சுவர் வழியாக வெப்பம் எவ்வளவு உள்ளே வரும் என்பதற்கு யூ மதிப்பு என்று ஒரு அளவு உண்டு, எண் சின்னதாக இருந்தால் நல்லது. 9 அங்குலச் செங்கல் சுவருக்கு அது 2-க்குப் பக்கத்தில் வரும். 8 அங்குல ஏஏசி சுவருக்கு 0.7 அல்லது 0.8. வெப்பத்தடுப்பில் இந்த நான்கில் இதை எதுவும் நெருங்காது.

அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ளலாமே? எடுக்கலாம், சில இடங்களில். குளிர்சாதனம் ஓடும் படுக்கையறை, பழைய கட்டடத்தின்மேல் எழுப்பும் மாடி, மேற்கு வெயில் அறையும் சுவர், இங்கெல்லாம் அது சரியான தேர்வு. ஆனால் எடை தாங்கும் வேலையை பில்லரும் பீமும் செய்தாக வேண்டும். பிளாக்கும் பில்லரும் சேரும் இடத்தில் வலை அடிக்காமல் பூசினால் வெடிக்கும். தண்ணீரை உறிஞ்சும் குணம் உண்டு, குளியலறைச் சுவரில் கவனம் தேவை. ஒரு நாள் வீட்டை இடித்தால் செங்கல்லில் பாதியாவது மறுபடி உதவும், இது தூளாகத்தான் போகும். தொழிற்சாலையிலிருந்து உங்கள் மனைக்கு எத்தனை கிலோமீட்டர் லாரி ஓடுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண் கல்லுக்கு வருவோம். இந்த வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துவது இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேல்மண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் கீழே கிடைக்கும் மணல் கலந்த செம்மண்ணில் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து, ஈரப்பதத்தோடு கை அழுத்தப் பொறியில் அழுத்தி எடுப்பதுதான் மண் கல். சூளையே கிடையாது. நான்கு வாரம் மூடிவைத்து நீர் காட்டினால் போதும். 1989 முதல் ஆரோவில் புவி நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை ஆராய்ந்து, பொறி வடிவமைத்து, பயிற்சியும் தருகிறது. அங்கிருக்கும் பார்வையாளர் மையத்தின் வளைவுகள் இந்தக் கல்லில்தான் நிற்கின்றன. 1992-ல் அந்தக் கட்டடத்துக்கு, மண் கட்டடங்களுக்குப் பேர்போன எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான சர்வதேச விருது கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டது அந்தக் கட்டடம். "மண் வீடு மழையில் கரைஞ்சிடாதா?" என்று கேட்பவர்களை நான் அங்கே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

இதன் பெரிய ஆதாயம் சுவரோடு முடிவதில்லை. 24 சென்டிமீட்டர் மண் கல் சுவர் தானே எடை தாங்கும். தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு, பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்தால், பில்லர் சட்டகம் இல்லாமலே கட்டலாம். அங்கே மிச்சமாகும் கம்பியும் சிமெண்டும்தான் உண்மையான மிச்சம். ஒரு டன் சிமெண்ட் கிளிங்கர் செய்ய ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. எரிபொருள் ஒரு பக்கம் இருக்க, சுண்ணாம்புக்கல்லே வெந்து வாயுவை விடுவதால் இதைத் தவிர்க்க வழியில்லை. ஆகவே சிமெண்ட் மூட்டையைக் குறைப்பதுதான் வழி.

மண்ணைத் தோண்டிய குழி வீணாகாது. ஆரோவில்லில் அதை மழைநீர்த் தொட்டியாகவோ குளமாகவோ மாற்றிவிடுவார்கள். ஒரு கிரவுண்ட் மனையில் அவ்வளவு மண் எடுக்க முடியாது. ஆனால் சம்ப் தோண்டும் மண்ணும் கடைக்கால் மண்ணும் பயன்படும், மீதியைப் பக்கத்தில் வாங்கலாம்.

இனி நிபந்தனைகள். மண் சரியாக இருக்க வேண்டும்: மணல் பாதியளவு, களி ஐந்தில் ஒரு பங்கு, மீதி வண்டலும் சரளையும். கடற்கரையை ஒட்டிய வெறும் மணலில் களி போதாது. கரிசல் மண் ஊதிச் சுருங்கும், அதற்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு பொருந்தும், வேலையும் கூடும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல், வண்டல், களி தனித்தனி அடுக்காகப் படியும். முதல் சோதனைக்கு இது போதும், பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குக் கருங்கல் பேஸ்மட்டம், சுவருக்கு வெளியே நன்றாக நீண்ட சன்ஷேடு, இந்த இரண்டும் இல்லாமல் மண் கல்லைத் தொடவே கூடாது. தினமும் சைட்டில் நிற்க ஆள் இல்லாதவர்களுக்கும், முழு வேலையையும் சதுர அடி கான்ட்ராக்டில் விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லின் ஈரம், அழுத்தம், நீர் காட்டும் நாள்கள் எல்லாம் ஆள் பார்த்துச் செய்ய வேண்டியவை.

ஆக, செம்மண் கிடைத்து, நீங்களோ நம்பகமான ஒருவரோ கூடவே இருக்க முடிந்தால் மண் கல். இல்லாவிட்டால் வயர்கட் செங்கல்லில் எலிப்பொறிக் கட்டு. அதற்கும் கொத்தனார் அமையவில்லை என்றால் பில்லர் சட்டகத்தில் சாதாரணச் செங்கல்லோ நல்ல சாம்பல் கல்லோ வைத்து, மேற்குச் சுவருக்கு மட்டும் ஏஏசி. சட்டகம் இருக்கும் வீட்டில் நான்கு பக்கமும் ஒரே கல்லாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வெயில் விழுவது தலைமேல்

சுவர்ப் பேச்சை இவ்வளவு பேசிவிட்டு, கூரைதான் முதலில் என்று ஏன் சொன்னேன்? நாம் இருப்பது வடக்கே 12, 13 பாகையில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேராக நிற்கும். இடைப்பட்ட மாதங்களில், கத்திரி வெயில் உட்பட, அது தலைக்குச் சற்று வடக்கே நகர்ந்து போகும். அந்த நாள்களில் தெற்குச் சுவரில் நேர் வெயிலே விழாது. கிழக்கும் மேற்கும் காலை மாலையில் வாங்கும், வடக்கு கொஞ்சம் வாங்கும். நடுப்பகலின் முழு வெயிலையும் வாங்குவது மொட்டை மாடி. தெளிந்த மே மாத உச்சியில் ஒரு சதுர மீட்டரில் 900 வாட் அளவுக்கு விழும். 1000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். ஏறத்தாழ 80 கிலோவாட் உங்கள் தலைமேல் அடிக்கிறது.

வெறும் 5 அங்குலக் கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பு 3-ஐத் தாண்டும். மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு 2018-ல் குடியிருப்புகளுக்கு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பில் கூரைக்கு வைத்த உச்சவரம்பு 1.2. சாதாரணமாக நாம் போடும் தளம் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடுகிறது. ஏஏசி சுவருக்குக் கூடுதலாகச் செலவழித்துவிட்டு மேலே வெறும் தளத்தை விட்டால், குடையின் கைப்பிடிக்குப் பணம் கொடுத்துத் துணியை மறந்ததுபோல்தான்.

கூரைக்கு என்னென்ன வழிகள்? பழக்கமானது, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கைப் போட்டு மேலே தட்டோடு பதிப்பது. ஒழுங்காகச் செய்தால் கசிவும் நிற்கும், வெப்பமும் ஓரளவு குறையும். ஆனால் ஜல்லியும் சுண்ணாம்பும் பதமாகக் கலந்து நாள்கணக்கில் அடித்துச் சமன் செய்யும் வேலை இப்போது அரிது. சிமெண்டைக் கொட்டி இரண்டே நாளில் முடிப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். இன்னொன்று, சிவப்புத் தட்டோடு பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவு ஒன்பது பத்து மணிக்கு அறைக்குள் விடும். மதுரை, சேலம் போன்ற உள்மாவட்டங்களில் இரவு நன்றாகக் குளிர்வதால் ஜன்னலைத் திறந்து அதைத் துரத்திவிடலாம். கடலோரத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் குறைவு, காற்றில் ஈரம் அதிகம். வெப்பத்தை உள்ளே சேர்த்துவைப்பது இங்கே அவ்வளவாக உதவாது, வராமல் தடுப்பதுதான் உதவும்.

எல்லாவற்றிலும் மலிவானது வெள்ளை. புதிதாக அடித்த வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சு விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரணச் சுண்ணாம்புகூட முதல் கோடைக்கு நல்ல பலன் தரும். தூசியும் பாசியும் படிந்தால் பலன் குறையும். ஒவ்வொரு பிப்ரவரியும் தேய்த்துக் கழுவ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டும். பராமரிக்கச் சோம்பல் என்றால் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். பணம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இந்த ஒன்றை விடாதீர்கள். சொந்த வீடு இல்லாமல் அடுக்ககத்தின் கடைசி மாடியில் இருப்பவர்களுக்கும் இதுவே முதல் வேலை.

அடுத்தது ஃபில்லர் ஸ்லாப். இதுவும் பேக்கர் பரப்பியதுதான். தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அங்கே இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்துவைத்துக் கான்கிரீட்டைக் குறைக்கிறோம். சிமெண்ட் மிச்சம், தளத்தின் எடை குறைவு, கீழிருந்து பார்க்க அழகு. ஆனால் இதை வெப்பத்தடுப்பு என்று விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். ஓட்டுக்குள் நிற்கும் காற்று கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். ஓடுகளுக்கு இடையே கான்கிரீட் வழியே வெப்பம் இறங்கத்தான் செய்யும். ஃபில்லர் ஸ்லாப் போட்டாலும் மேலே வெள்ளை வேண்டும். கம்பியின் இடைவெளி ஓட்டின் அளவைப் பொறுத்து மாறுவதால் பொறியாளர் வரைபடம் இல்லாமல் மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பிப் போடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது இரட்டைக் கூரை. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைப் பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நாகாஷிமாவும் பிரான்டிஷெக் சாமரும் உடனிருந்து கட்டியது. 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி ஆசிரமவாசிகளின் கையுழைப்பில் எழும்பிய கான்கிரீட் கட்டடம். தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை வார்த்து இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். வெயில் மேல் ஓட்டில் விழும், இடையில் காற்று ஓடும், கீழ்த்தளம் நிழலிலேயே இருக்கும். சுவர் முழுக்கத் திறந்து மூடும் கான்கிரீட் பட்டைகள். குளிர்சாதனத்தை நம்பாமல் இந்த ஈரக்காற்றில் எப்படி வாழலாம் என்பதற்கு இந்தப் பகுதியில் அதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இன்று அதே வேலையை சோலார் பலகை செய்யும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். 3 கிலோவாட் என்றால் 300 சதுர அடி நிழல், நல்ல வெயில் நாளில் 12 யூனிட் அளவுக்கு மின்சாரம். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று நிர்ணயித்தார்கள். பலகைகளைத் தளத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காமல் ஏழெட்டு அடி உயரச் சட்டத்தில், படுக்கையறைகளுக்கு மேலே வரும்படி வையுங்கள். கீழே துணி உலர்த்தலாம், காற்றும் ஓடும். சட்டத்தின் கால்கள் தளத்தில் ஆழமாகப் பிணைந்திருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது சரியாகப் பிணைக்காத கூரைத் தகடுகள் என்ன ஆயின என்பது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

மாடி எழுப்பும் ஆசை இருப்பதால் இப்போதே விலையுயர்ந்த டைல்ஸ் வேண்டாம். ஃபில்லர் ஸ்லாப், அதன்மேல் நல்ல கசிவுத்தடுப்பு, வெள்ளைப் பூச்சு. முடிந்தால் கழற்றி மாட்டக்கூடிய சட்டத்தில் சோலார். இந்த வீட்டுக்கு இதுதான் என் தேர்வு.

ஜன்னல் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் கடற்காற்று நண்பகலை ஒட்டிக் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் தாழ்வாகப் பெரிய ஜன்னலும், மேற்கே உயரத்தில் சின்னத் திறப்பும் வைத்தால் காற்று வீட்டைக் கடந்து போகும். வாங்கும் வழி மட்டும் வைத்து வெளியேறும் வழி வைக்காத வீட்டில் எத்தனை ஜன்னல் இருந்தும் புழுக்கம்தான்.

மிஞ்சிய 1400 சதுர அடி

இப்போது மண். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். ஒரு கிரவுண்ட் என்பது 223 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: வருடத்துக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் உங்கள் மனைக்குள் விழுகிறது. நான்கு பேருக்கு, தலைக்கு 135 லிட்டர் என்ற அரசின் அளவுகோல்படி, ஆண்டுத் தேவை ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். தேவையைவிட மழை அதிகம். 2015-ல் வெள்ளம், 2019 கோடையில் வறண்ட ஏரிகள். இரண்டும் ஒரே நகரத்தில் நடந்தன என்றால், விழுந்த நீரை நிறுத்தும் மண்ணை நாம் மூடிவிட்டோம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மூடுவதற்கு இன்று எல்லோரும் எடுப்பது பேவர் பிளாக். சேறு இல்லை, பெருக்க எளிது, கார் நிற்கும். உண்மைதான். ஆனால் அடியில் கான்கிரீட் போட்டு இடுக்கைப் பூசிவிட்டால் அது இன்னொரு மொட்டை மாடி, கீழே இருப்பதால் முகத்துக்கு நேராகச் சூட்டையும் வீசும். கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கும் வாசல் நடைபாதைக்கும் கல் பாவிவிட்டு மீதியை மண்ணாகவே விடுங்கள். பாவும் இடத்திலும் அடியில் ஜல்லியும் மணலும் மட்டும் போதும்.

மனையை மேடாக்கும் வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு மனை முழுவதையும் இடிபாட்டுக் குப்பை கொட்டி மூன்றடி உயர்த்தி, இறுக்கி, அதன்மேல் கட்டுகிறார்கள். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது, நம் மண்ணிலும் இறங்குவதில்லை. வீட்டின் பேஸ்மட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்துங்கள். சுற்றியுள்ள மண்ணை இருந்த மட்டத்திலேயே விட்டு, தாழ்ந்த மூலையில் உறை இறக்கிய மீள்நிரப்புக் கிணறு ஒன்று வையுங்கள். ஒரு நாள் தேங்கி மெதுவாக இறங்கட்டும்.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழி மணல் அடைத்து, மூடி துருப்பிடித்துக் கிடக்கிறது. இரண்டாகப் பிரிப்பது நல்லது: மாடியில் விழும் நீர், முதல் மழையை வெளியே விட்டபிறகு, மணல் வடிகட்டி வழியாக சம்புக்கு. தரையில் விழுவது உறைக்கிணற்றுக்கு. 1000 சதுர அடி மாடியிலிருந்து, வீணாவது போக, வருடத்தில் ஒரு லட்சம் லிட்டர் வரும். செப்டம்பரில் தூர்வாரினால்தான் இந்தக் கணக்கெல்லாம்.

புல்தரையா, நாட்டுச் செடியா? 500 சதுர அடிக்குக் கொரியன் புல் வளர்த்தால் கோடையில் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் கேட்கும். வீட்டில் ஒன்றரை ஆள் அதிகமாக இருப்பதற்குச் சமம். வெட்ட வேண்டும், உரம் போட வேண்டும், அதில் ஒரு பட்டாம்பூச்சிக்கும் சாப்பாடு இல்லை. குழந்தைகள் உருள ஒரு சின்னத் துண்டு இருக்கட்டும், மறுக்கவில்லை. மீதியில் நொச்சி, ஆடாதொடை, செம்பருத்தி, நந்தியாவட்டை, சுற்றுச்சுவரில் முல்லையும் சங்குப்பூவும். குளியலறைத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பினால் அதிலேயே சோப்பு நீர் தெளிந்து வாழைக்கும் முருங்கைக்கும் போகும்.

நாட்டு மரங்கள் இங்கே வெறும் பாசத்துக்காகச் சொல்லப்படுவதில்லை. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்தப் பீடபூமி மழையில் அரித்துப்போன செம்மண் பொட்டல். முதலில் வரப்பு போட்டு நீரை நிறுத்தினார்கள், பிறகு மரம் வைத்தார்கள். காயா, பாலை போன்ற இந்தக் கரையோரத்தின் சொந்த உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை அங்கே மீட்டெடுத்த அனுபவம்தான் பின்னாளில் சென்னையில் 58 ஏக்கர் அடையாறு பூங்காவை மீட்கக் கைகொடுத்தது. குப்பை மேடாகக் கிடந்த அந்தக் கழிமுக நிலம் 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நர்சரிகளில் வேகமாக வளரும் என்று சொல்லி விற்ற கோனோகார்பஸ் மரத்தை குஜராத் 2023-ல் தடைசெய்தது, பிறகு தமிழ்நாடும் தடைசெய்தது. ஆகவே நர்சரியில் கேட்கும் முன் ஊர்க் கோயில் நந்தவனத்தையும் ஏரிக்கரையையும் ஒருமுறை பாருங்கள். எது தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் நிற்கிறதோ அது உங்கள் மனையிலும் நிற்கும்.

இந்த மனைக்கு: மேற்கு எல்லையில் ஒரு புங்கை, ஒரு மகிழம். வீட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி. புங்கை சீக்கிரம் நிழல் தரும், மகிழம் மெதுவாக வளர்ந்தாலும் காற்றுக்கு அசைந்து கொடுக்காது. ஆல், அரச வகைகளைச் சுவரருகே வைக்கவே வேண்டாம்.

பணம் போதாதபோது

எஸ்டிமேட் வந்து மூன்று லட்சம் துண்டு விழும்போது பெரும்பாலும் முதலில் வெட்டுவது கூரை வேலையையும் தோட்டத்தையும்தான். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று. நான் வேறு இடத்தில் வெட்டச் சொல்வேன்: முன்பக்க எலிவேஷனுக்கு ஒட்டும் கல், பொய்க் கூரை, கிரானைட் படி, எல்லா அறைக்கும் புட்டி அடித்த பளபளப்பு. சுவர்களைப் பூசாமல் விட்டாலே ஒரு தொகை மிஞ்சும், மண் கல்லும் வயர்கட் கல்லும் அதற்கு ஏற்றவை. தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸுக்குப் பதில் ஆத்தங்குடிக் கல் எடுக்கலாம், விலை எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது, ஆனால் சூளையில் வேகாத, கையால் வார்த்த கல். கதவு ஜன்னல்களுக்குப் பழைய வீடுகளிலிருந்து வரும் தேக்கு, பேரம் பேசி வாங்கினால் புதியதைவிடக் குறைவாகவும் வரும், உறுதியாகவும் இருக்கும்.

கல் கடைக்குப் போகும் முன்பு ஒரு ஐப்பசி மழையில் மனையில் நின்று, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உறைக்கிணறு எங்கே, பேஸ்மட்டம் எவ்வளவு உயரம், சம்ப் எந்த மூலை என்பதெல்லாம் அந்தக் குறிப்பிலிருந்துதான் வரும். பூமி பூஜை போட்ட வாரத்திலேயே மேற்கு எல்லையில் புங்கங்கன்றை நட்டுவிடலாம். சைட்டில் எப்படியும் தினமும் தண்ணீர் இருக்கும், காவலாளியும் இருப்பார். எம்-சாண்ட் லோடும் ஜல்லியும் அதன்மேல் கொட்டிவிடாமல் நாலு கம்பை நட்டு வலை கட்டிவிட்டால், கிரகப்பிரவேசத்துக்குள் அது ஆள் உயரம் வந்திருக்கும்.